திருடன் எதற்குப் பயப்படுகிறான்?

1982 மார்ச் 15 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கென்னசா என்ற சிற்றூரின் நகரமன்றம் ஒரு விசித்திரமான சட்டத்தை நிறைவேற்றியது. ஊரில் குடும்பத் தலைவராக இருக்கும் ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு துப்பாக்கியும் அதற்கான தோட்டாக்களும் வைத்திருக்க வேண்டும். அட்லாண்டாவுக்கு வடமேற்கே, சுமார் 5,000 பேர் வசித்த ஊர் அது. திருடர் தொல்லை தாங்காமல் எடுத்த முடிவல்ல. முந்தைய ஆண்டுதான் இலினாய் மாநிலத்தின் மார்ட்டன் குரோவ் என்ற ஊர் கைத்துப்பாக்கிகளுக்குத் தடை விதித்திருந்தது. நாடு முழுக்க அதே பேச்சு. அதற்குப் பதிலடியாகத்தான் கென்னசா கிளம்பியது. சட்டத்தில் விலக்குகள் தாராளம். உடல் இயலாதவர், ஏழை, சமய நம்பிக்கையாலோ மனசாட்சியாலோ ஆயுதம் தொட மறுப்பவர், தண்டனை பெற்ற குற்றவாளி என்று யார் வேண்டுமானாலும் ஒதுங்கிக்கொள்ளலாம். எந்த வீட்டில் துப்பாக்கி இல்லை என்று யாரும் கதவைத் தட்டிச் சோதிக்கவும் இல்லை.

சட்டம் வந்தபின் ஏழு மாதங்களில், முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட, ஊரில் வீடு புகுந்து திருடுவது 89 சதவீதம் குறைந்துவிட்டது என்று ஒரு கணக்கு வெளியானது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த எண் ஓயவில்லை. துப்பாக்கி உரிமை பற்றி அமெரிக்கர்கள் எங்கே சண்டை போட்டாலும் யாராவது ஒருவர் கென்னசாவை இழுத்து வருவார்.

இந்த எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எதோடு ஒப்பிட்டார்கள் என்பது. 5,000 பேர் ஊரில் மாதத்துக்கு ஒரு சில வீடுகளில் திருட்டு நடக்கும். ஒரே ஒரு கும்பல் இரண்டு மாதம் அந்தப் பக்கம் சுற்றினால் ஆண்டுக் கணக்கே எகிறிவிடும். அவர்கள் பிடிபட்டாலோ வேறு ஊர் பார்த்துப் போனாலோ சரிந்துவிடும். டேவிட் மெக்டவல், பிரையன் வியர்செமா, காலின் லாஃப்டின் ஆகிய மூன்று குற்றவியல் ஆய்வாளர்கள் 1989-இல் அந்த ஊரின் பல ஆண்டு மாதவாரிக் கணக்கை எடுத்து வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட 1981, வழக்கத்தைவிடத் திருட்டு மிகுந்திருந்த ஆண்டு. அதை ஒதுக்கிவிட்டு நீண்ட வரிசையைப் பார்த்தால், 1982 மார்ச்சில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. உச்சத்துக்குப் போன எண் தானாகவே சராசரிக்கு இறங்கி வந்திருக்கிறது. நடுவில் சட்டம் வந்ததால் பெருமை சட்டத்துக்குப் போய்விட்டது. ஜார்ஜியா போன்ற தென்மாநிலத்தில் பல வீடுகளில் முன்பே துப்பாக்கி இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் மாறியது அலமாரியில் இருந்த பொருளைவிட, செய்தித்தாளில் வந்த தலைப்புதான்.

கென்னசா தோற்றதால், வீட்டுத் துப்பாக்கி திருடனைத் தடுக்கும் என்ற வாதமே தோற்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். இதைவிட வலுவான வடிவம் ஒன்று அதற்கு உண்டு.

ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் பேராசிரியர் கேரி கிளெக் 1988-இல் எழுதிய கட்டுரையில் அந்த வடிவத்தை முன்வைத்தார். மொத்தத் திருட்டு எவ்வளவு என்பதை விடுங்கள், திருடன் எந்த நேரத்தில் வருகிறான் என்று பாருங்கள் என்றார் அவர். அமெரிக்காவில் வீடு புகும் திருட்டுகளில் ஆள் இருக்கும்போது நடப்பவை 12.7 சதவீதம். பிரிட்டனில் 43 சதவீதம். நெதர்லாந்தில் 48. அமெரிக்க வீடுகளில் துப்பாக்கி மலிவு, மற்ற இரு நாடுகளில் அரிது. அமெரிக்கத் திருடன் வீட்டில் ஆள் இருந்தால் விலகிப் போகிறான், ஐரோப்பியத் திருடன் உள்ளே வருகிறான். காரணம் தலையணைக்கு அடியில் இருக்கும் ரிவால்வராக இருக்கலாம் அல்லவா?

ஒரு நிமிடம் இந்த வாதத்தின் அழகை ரசிக்கலாம். எந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாது. தெருவில் மூன்றில் ஒரு வீட்டில் இருந்தால் போதும், எல்லா வீடுகளும் ஆபத்தானவையாகத் தெரியும். துப்பாக்கியே வாங்காதவருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் துப்பாக்கி காவல் நிற்கும். அப்படியானால் துப்பாக்கி வைத்திருப்பவர் ஊருக்கு இலவசமாகத் தொண்டு செய்கிறார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாதம் கிடைக்காது.

ஆனால் அந்த எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்தால் நிலைமை மாறுகிறது. பிரிட்டனின் 43 சதவீதம், 1982-இல் நடந்த பிரிட்டிஷ் குற்றச் சர்வேயிலிருந்து வந்தது. அதற்குள் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கின்றன. திருடன் உள்ளே நுழைந்து வேலையை முடித்த சம்பவங்களில் ஆள் இருந்தது 26 சதவீதம். முயற்சியோடு நின்றுபோனவற்றில் 59 சதவீதம். இரண்டையும் கலந்தால் 43. முயற்சிகளில் விகிதம் ஏன் இவ்வளவு அதிகம்? ஆள் இருந்ததால்தானே பல இடங்களில் அது முயற்சியோடு நின்றது! ஜன்னலை நெம்பும் சத்தம் கேட்டு யாரோ விளக்கைப் போடுகிறார்கள், வந்தவன் ஓடுகிறான். துப்பாக்கியே இல்லாத பிரிட்டிஷ் வீட்டில் ஆள் அரவம் மட்டுமே திருடனை விரட்டியதற்கான தடயம் அந்த 59. அதையே பிரிட்டிஷ் திருடனின் துணிச்சலுக்குச் சான்றாகக் காட்டுவது கொஞ்சம் வேடிக்கை.

அமெரிக்கப் பக்கத்திலும் ஒரு சிக்கல். அங்கே எஃப்.பி.ஐ. கணக்கிலும் சரி, கூட்டாட்சி அரசின் குற்றச் சர்வேயிலும் சரி, ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்தால் அவற்றில் கொடியதன் பெயரில்தான் அது பதிவாகும். திருட வந்தவன் வீட்டுக்காரரை அடித்தால் அது தாக்குதல்; மிரட்டிப் பறித்தால் வழிப்பறி வகை. ‘வீடு புகுந்து திருட்டு’ என்ற பத்தியிலிருந்து அது நகர்ந்துவிடும். அதாவது, ஆள் இருந்து மோதலில் முடிந்த சம்பவங்கள்தான் முதலில் காணாமல் போகின்றன. அமெரிக்க நீதித் துறையின் புள்ளியியல் பிரிவு 2010-இல் வெளியிட்ட அறிக்கை, அப்படி நகர்ந்தவற்றையும் சேர்த்து எண்ணியது. 2003 முதல் 2007 வரை ஆண்டுக்குச் சராசரியாக 37 லட்சம் திருட்டுகள். அவற்றில் வீட்டு ஆள் ஒருவராவது உள்ளே இருந்தது சுமார் 28 சதவீதம். 12.7 எங்கே, 28 எங்கே? காலம் வேறு, எண்ணிய விதமும் வேறு, உண்மைதான். ஆனால் இரண்டு நாடுகளுக்கு நடுவே அட்லாண்டிக் சமுத்திரம் போல விரிந்து கிடந்த இடைவெளியில் பெரும்பகுதி, எண்ணும் முறையால் வந்ததாக இருக்கலாம் என்பதற்கு இது போதும்.

‘வீட்டில் ஆள் இருந்தார்களா’ என்ற கேள்வியே எளிதானதல்ல. நம் ஊர்ச் செய்திகளில் கோடைகாலம் தோறும் வரும் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: புழுக்கம் தாங்காமல் குடும்பமே மொட்டை மாடியில் படுத்திருக்க, கீழே பீரோவை உடைத்து நகையோடு போயிருப்பார்கள். சர்வே எடுக்க வருபவர் கேட்டால் ‘ஆமாம், வீட்டில்தான் இருந்தோம்’ என்பதுதான் பதில். திருடனைப் பொறுத்தவரை அது ஆளில்லாத வீடு. மற்ற நாட்களில் நம் செய்திகளில் வருவது பெரும்பாலும் பூட்டிக் கிடந்த வீடுகள்தான். ஊருக்குப் போகுமுன் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதனால்தான். இங்கே பெரும்பாலான வீடுகளில் துப்பாக்கி கிடையாது. இருந்தும் திருடன் பூட்டைத்தான் தேடுகிறான்.

சரி, திருடர்களையே கேட்டால் என்ன? கேட்டிருக்கிறார்கள்.

ஜேம்ஸ் ரைட், பீட்டர் ராசி என்ற இரு சமூகவியலாளர்கள் 1980களின் தொடக்கத்தில் பத்து மாநிலச் சிறைகளில் 1,800-க்கும் மேற்பட்ட கைதிகளிடம் விரிவான கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். சுடப்படுவோமோ என்ற பயம், ஆளிருக்கும் வீட்டைத் திருடர்கள் தவிர்ப்பதற்கு ஒரு காரணம் என்ற கூற்றை 74 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆயுதம் வைத்திருந்தவரால் எப்போதாவது விரட்டப்பட்டோ, சுடப்பட்டோ, காயமுற்றோ, பிடிபட்டோ இருப்பதாக மூன்றில் ஒருவர் சொன்னார். இதை அலட்சியம் செய்ய முடியாது. பயம் உண்மை. ஆனால் வாக்கியத்தைக் கவனியுங்கள்: ‘ஒரு காரணம்’. அந்த ஒரு காரணத்தை எடுத்துவிட்டால் திருடன் உள்ளே வருவானா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

சிறைக்கு வெளியே, இன்னும் தொழிலில் இருப்பவர்களிடம் பேசியவர்கள் வேறு படத்தைக் காட்டுகிறார்கள். ரிச்சர்ட் ரைட், ஸ்காட் டெக்கர் இருவரும் செயின்ட் லூயிஸ் நகரில் 105 திருடர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, 1994-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பால் குரோம்வெல்லும் சக ஆய்வாளர்களும் டெக்சாஸில் 30 பேரோடு தெருத்தெருவாகப் போய், எந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பாய், ஏன் என்று கேட்டார்கள். அந்த மனிதர்கள் சொன்ன விதிகள் சலிப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோல இருந்தன. வாசலில் கார் நின்றால் வேண்டாம். உள்ளே டிவி சத்தம் கேட்டால் வேண்டாம். நாய் இருந்தால் யோசி. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் இடம் வேண்டாம். சந்தேகம் இருந்தால் கதவைத் தட்டிப் பார், யாராவது திறந்தால் இல்லாத ஒருவர் பெயரைச் சொல்லி விசாரித்துவிட்டு நகர்ந்துவிடு. முகம் பார்க்கப்படுவது, அடையாளம் சொல்லப்படுவது, போலீசுக்கு போன் போவது, எதிர்பாராத கைகலப்பு, தானே யாரையாவது காயப்படுத்தி நீண்ட தண்டனை வாங்கிக்கொள்வது என்று பயங்கள் பல. துப்பாக்கி அந்த வரிசையில் ஒன்று.

இந்த நூல்களுக்கு முன்பே, 1984-இல், டிரெவர் பென்னட்டும் ரிச்சர்ட் ரைட்டும் இங்கிலாந்துத் திருடர்களைப் பேட்டி கண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரும் ஆளிருக்கும் வீட்டைத் தவிர்ப்பதாகத்தான் சொன்னார்கள். கைத்துப்பாக்கியைக் கனவிலும் எதிர்பார்க்காத ஊரில், அதே விதி. கிளெக்கின் ஒப்பீட்டுக்கு இந்த நூலைவிடப் பெரிய சங்கடம் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

கைதியின் வாக்குமூலமும் நாடுகளின் சராசரியும் ஓரளவுக்குத்தான் உதவும். அமெரிக்காவுக்குள்ளேயே துப்பாக்கி மிகுந்த மாவட்டத்தையும் குறைந்த மாவட்டத்தையும் ஒப்பிட்டால்? டியூக் பல்கலைக்கழகத்தின் பிலிப் குக்கும், அவரோடு ஜென்ஸ் லுட்விக்கும் 2003-இல் அதைச் செய்தார்கள். இந்த விவகாரத்தில் இதுவரை நடந்த மிகக் கவனமான ஆய்வு இதுவே என்பது என் கணிப்பு. அவர்கள் சந்தித்த தடைகளையும் தாண்டிய விதத்தையும் சற்று நின்று பார்க்கலாம்.

முதல் தடை, எந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கூட்டாட்சி அரசு துப்பாக்கிப் பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986-இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். எனவே மறைமுகமான அளவுகோல் தேவை. அவர்கள் எடுத்துக்கொண்டது துயரமான ஒன்று: ஒரு மாவட்டத்தில் நடக்கும் தற்கொலைகளில் எத்தனை சதவீதம் துப்பாக்கியால் நடந்தவை. தற்கொலைகளின் எண்ணிக்கை எத்தனையோ காரணங்களால் கூடும், குறையும். ஆனால் எந்த வழியில் என்பது, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. சர்வே எடுக்கப்பட்ட இடங்களில் வீட்டுத் துப்பாக்கி விகிதமும் இந்த விகிதமும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன.

இரண்டாவது தடை இன்னும் நுட்பமானது. திருட்டு அதிகமான இடத்தில் மக்கள் பயந்துபோய்த் துப்பாக்கி வாங்குவார்கள். அப்போது துப்பாக்கியும் திருட்டும் சேர்ந்தே உயர்ந்திருக்கும். எது எதை உயர்த்தியது என்று தெரியாது. இதை அவிழ்க்க அவர்கள் 1950-க்குப் போனார்கள். அந்த ஆண்டில் ஒரு மாநிலத்து மக்களில் எத்தனை பேர் கிராமங்களில் வாழ்ந்தார்கள் என்று பார்த்தார்கள். தாத்தா வேட்டைக்குப் போன குடும்பத்தில் பேரன் நகரத்துக்கு வந்த பின்னும் துப்பாக்கி இருக்கும். அந்தப் பழக்கம் வழிவழியாக வருவது. 1990களில் அந்தத் தெருவில் நடந்த திருட்டு, 1950-இன் கிராம மக்கள்தொகையை மாற்றியிருக்க முடியாது. ஆகவே பழைய கிராமத்தனத்தால் வந்த துப்பாக்கிகளை மட்டும் பிரித்தெடுத்து, அவை திருட்டை என்ன செய்கின்றன என்று பார்க்கலாம்.

கிடைத்த முடிவு: துப்பாக்கி வைத்திருக்கும் விகிதம் 10 சதவீதம் கூடினால் வீடு புகும் திருட்டு 3 முதல் 7 சதவீதம் வரை கூடுகிறது. குறையவில்லை, கூடுகிறது. ஆள் இருக்கும்போது நடக்கும் திருட்டின் பங்கிலோ, துப்பாக்கி கூடியதால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

ஏன் கூட வேண்டும்? திருடனின் கண்ணால் பாருங்கள். கைத்துப்பாக்கி சிறியது, சட்டைக்குள் அடங்கும், விலை போகும், வாங்க ஆள் காத்திருக்கும். நம் ஊர்த் திருடனுக்கு நகை எப்படியோ அப்படி. அமெரிக்கத் தனியாரிடமிருந்து ஆண்டுக்குச் சுமார் 3,80,000 துப்பாக்கிகள் திருடு போவதாக 2017-இல் வெளியான ஒரு சர்வே மதிப்பீடு சொல்கிறது. வீட்டுக்காரர் உள்ளே இருக்கும்போது அந்தப் பொருள் ஆபத்து. அவர் வேலைக்குப் போனதும் அதுவே சரக்கு. திருடன் எப்படியும் அவர் போகும்வரைதான் காத்திருக்கிறான்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நல்ல சான்று உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. 2008 டிசம்பரில் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரச் செய்தித்தாள் ஒன்று, கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி பெற்றவர்களின் பட்டியலை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கும்படி வெளியிட்டது. பெயர், வயது, அஞ்சல் குறியீடு இருந்தன. அலெஸ்ஸாண்ட்ரோ அக்விஸ்டி, கேத்தரின் டக்கர் என்ற ஆய்வாளர்கள் அதற்கு முன்னும் பின்னும் நடந்த திருட்டுகளைப் பார்த்தார்கள். பட்டியல் பரபரப்பான பிறகு, அனுமதி பெற்றோர் மிகுந்த அஞ்சல் பகுதிகளில் திருட்டு குறைந்தது; குறைந்த பகுதிகளில் கூடியது. திருடர்கள் செய்தி படிக்கிறார்கள், கணக்குப் போடுகிறார்கள் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்தப் பயம் திருட்டை ஒழிக்கவில்லை, அடுத்த பேட்டைக்குத் தள்ளியது. இலவசக் காவல் என்ற பழைய வாதத்துக்கு இது நேர் எதிர்: துப்பாக்கி இல்லாதவர்கள் பக்கம் சுமை நகர்ந்திருக்கிறது. இன்னொன்று, இந்த விளைவுக்குத் துப்பாக்கி மட்டும் போதவில்லை, பட்டியலும் தேவைப்பட்டது. தன் பெயர் அப்படிப் பொதுவில் வருவதை எந்தத் துப்பாக்கி உரிமையாளரும் விரும்புவதில்லை.

கதவை உடைத்து வந்தவனை வீட்டுக்காரர் துப்பாக்கியோடு எதிர்கொள்ளும் காட்சி திரைப்படத்தில் வரும் அளவுக்கு வாழ்க்கையில் வருவதில்லை. ஆர்தர் கெல்லர்மனும் சக ஆய்வாளர்களும் 1994-இல் அட்லாண்டாவில் சில மாதங்கள், ஆள் இருந்த வீடுகளுக்குள் அத்துமீறி நுழைந்த 198 சம்பவங்களைத் தொகுத்தார்கள். வீட்டுக்காரர் தற்காப்புக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்தியது மூன்றில். முன் சொன்ன நீதித் துறை அறிக்கையில் இன்னொரு தகவல்: வன்முறையில் முடிந்த வீடு புகும் சம்பவங்களில் 65 சதவீதம், வந்தவர் தெரிந்தவர். பிரிந்த கணவன், பழைய காதலன், உறவினன், பக்கத்துத் தெருக்காரன். வீட்டில் என்ன இருக்கிறது, எந்த அலமாரியில் இருக்கிறது என்பது இவர்களில் பலருக்கு முன்பே தெரியும். வீட்டுத் துப்பாக்கியால் அந்த வீட்டுக்காரர்களுக்கே நேரும் ஆபத்து தனிக் கணக்கு. அதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

துப்பாக்கி ஒருபுறம் இருக்கட்டும், திருட்டின் ஏற்ற இறக்கத்தை உண்மையில் தீர்மானிப்பது என்ன? லாரன்ஸ் கோஹனும் மார்கஸ் ஃபெல்சனும் 1979-இல் எழுதிய கட்டுரையில், எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் ஒன்று உண்டு. சியர்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலை எடுத்து டிவி பெட்டிகளின் எடையைப் பார்த்திருக்கிறார்கள். 1960-இல் இருந்தவற்றில் மிக இலேசானது 17 கிலோ. 1970-இல் 7 கிலோகூட இல்லை. அதே பத்தாண்டில் திருமணமான பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். பகலில் வீடுகள் காலியாயின. தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பொருள், பார்க்க ஆளில்லாத வீடு. பகல் திருட்டு பெருகியதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் இதுதான். 1990களுக்குப் பிறகு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீட்டுத் திருட்டு பாதிக்கும் கீழே சரிந்தது. துப்பாக்கி விஷயத்தில் இரண்டும் வேறு வேறு உலகங்கள். சரிவு மட்டும் பொது. நல்ல பூட்டு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், அலாரம், விலை வீழ்ந்துபோன மின்னணுப் பொருட்கள் என்று காரணங்களை இன்னும் விவாதிக்கிறார்கள்.

பின்பு 2020 வந்தது. கொரோனா ஊரடங்கில் வீடுகள் நாள் முழுக்க நிரம்பியிருந்தன. அமெரிக்காவில் அதே ஆண்டு துப்பாக்கி வாங்கும் அவசரமும் உச்சத்துக்குப் போனது, எஃப்.பி.ஐ. நடத்திய பின்னணிச் சோதனைகள் கிட்டத்தட்ட 4 கோடி. அங்கே வீட்டுத் திருட்டு குறைந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்று குழப்பம் வரலாம். ஆனால் துப்பாக்கி வாங்க யாரும் வரிசையில் நிற்காத இங்கிலாந்திலும் வீட்டுத் திருட்டு அந்த ஆண்டு வெகுவாக இறங்கியது. அமெரிக்க நகரங்களில் ஊரடங்கின் முதல் மாதங்களில் கூடியது வேறு வகைத் திருட்டு: மூடிக் கிடந்த கடைகளையும் அலுவலகங்களையும் உடைப்பது.